வாசலில் ஒரு பலகை!

அமெரிக்காவில் கலிபோர்னியா என்று ஒரு மாகாணம். அடிக்கடி பூமி ஆடும் இடம். அங்கே சில பழைய செங்கல் கட்டடங்களின் வாசலில் ஒரு சிறிய பலகை இருக்கும்.

"பூகம்ப எச்சரிக்கை" என்று தலைப்பு. அதன் கீழே இரண்டே வரி. இது இரும்புக் கம்பி கொடுத்துக் கட்டாத செங்கல் கட்டடம். பூகம்பம் வந்தால் இதன் உள்ளே இருப்பதும் ஆபத்து, பக்கத்தில் நிற்பதும் ஆபத்து. இதுதான் அந்த வரிகளின் பொருள்.

பலகைக்கு அந்தப் பக்கம் காப்பிக்கடை இருக்கும். துணிக்கடை இருக்கும். மாடியில் குடித்தனம் இருக்கும். ஜனங்கள் போவார்கள், வருவார்கள்.

இந்தப் பலகையை வைத்தது யார்? எதிர்க்கடைக்காரர் பொறாமையால் வைத்தாரா? இல்லை. கட்டடத்தின் சொந்தக்காரரே வைத்தார். வைக்கும்படி சட்டம் சொல்கிறது. வைக்காவிட்டால் அபராதம்!

தன் கட்டடத்தின் குறையைத் தானே எழுதி வாசலில் மாட்டவேண்டும். இது நியாயமா? நியாயம்தான் என்பது என் கட்சி. ஆனால் பலகை மட்டும் மாட்டினால் போதாது என்பதும் என் கட்சிதான். இரண்டையும் சொல்கிறேன், கேளுங்கள்.

பல் பார்த்து வாங்கும் மாடு

சந்தையில் மாடு வாங்குகிறவர் என்ன செய்கிறார்? வாயைத் திறந்து பல்லை எண்ணுகிறார். சுழி பார்க்கிறார். நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்க்கிறார்.

வீடு பிடிக்கும்போது என்ன பார்க்கிறோம்? வாடகை எவ்வளவு, தண்ணீர் வருமா, காற்று வருமா, பள்ளிக்கூடம் பக்கமா? சுவரில் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் மனம் நிறைந்துவிடுகிறது. தூணுக்குள் எத்தனை கம்பி இருக்கிறது என்று யாரும் கேட்பது இல்லை. கேட்டாலும் வீட்டுக்காரருக்கே தெரியாது. கட்டிய மேஸ்திரி எப்போதோ போய்விட்டார்.

மாட்டின் பல் கண்ணுக்குத் தெரியும். வீட்டின் பல் தெரியாது. பூச்சுக்குள்ளே இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் இஞ்சினீயர். அவரைக் கூப்பிட வாடகைக்காரருக்குப் பணமும் இல்லை, உரிமையும் இல்லை. அதனால்தான் இந்த வேலையைச் சர்க்கார் செய்யவேண்டியிருக்கிறது.

சர்க்கார் தானாக முன்வந்து செய்ததா? அதுதான் இல்லை! ஒவ்வொரு முறையும் பூகம்பம் வந்து, பிணம் விழுந்த பிறகுதான் ஒவ்வொரு சட்டமும் பிறந்தது.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு

1933-ம் ஆண்டு மார்ச் மாதம் 10-ந்தேதி. கலிபோர்னியாவில் லாங் பீச் என்ற ஊர். மாலை 6 மணி அடிக்கச் சில நிமிடமே பாக்கி. பூமி ஆடியது. 100 பேருக்கு மேல் மாண்டார்கள்.

செங்கல் கட்டடங்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. அவற்றில் பள்ளிக்கூடங்கள் எத்தனை தெரியுமா? சுமார் 70 பள்ளிக்கூடங்கள் பாழாயின. இன்னும் பல பள்ளிகளின் சுவர்கள் வெடித்தன.

பிள்ளைகள்? நல்லவேளை, பள்ளி விட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதே பூகம்பம் சில மணி நேரம் முந்தி வந்திருந்தால்?

இந்தக் கேள்வி பெற்றோரைத் தூங்கவிடவில்லை. சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 10-ந்தேதி, சட்டம் வந்துவிட்டது. கொண்டுவந்த சட்டசபை உறுப்பினர் பெயர் பீல்டு. சட்டத்துக்கும் அவர் பெயரே நிலைத்தது. பொதுப் பள்ளிக்கூடம் கட்டவேண்டுமானால் வரைபடத்தை மாகாண சர்க்கார் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டும்போதும் மேற்பார்வை வேண்டும். அந்தச் சட்டப்படி கட்டிய பள்ளி எதுவும் பூகம்பத்தில் இடிந்து பிள்ளைகளின் உயிரைக் குடித்தது இல்லை.

ஒரே மாதத்தில் ஒரு நல்ல சட்டம்! பிள்ளைகள் விஷயம் என்றால் கோப்புக்குக்கூடக் கால் முளைக்கிறது.

ஆனால் இது புதிதாகக் கட்டும் பள்ளிகளுக்கு. ஊரில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பழைய வீடுகள், கடைகள், ஓட்டல்கள்? அவற்றை யாரும் தொடவில்லை. புதுக் கட்டடத்துக்கு விதி எழுதுவது சுலபம். சண்டை போட ஆள் இல்லை. பழைய கட்டடத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். வக்கீல் இருக்கிறார். ஓட்டும் இருக்கிறது.

கணக்கு எடு!

1971-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந்தேதி விடியற்காலை. லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வடக்கே பூகம்பம். முன்னாள் சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் பழைய கட்டடங்கள் விழுந்தன. அந்த ஓர் இடத்தில் மட்டும் 40 பேருக்கு மேல் பலி.

அதன் பிறகும் 10 ஆண்டு பேசினார்கள். 1981-ல்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரசபை துணிந்தது. ஊரில் கம்பி இல்லாத பழைய செங்கல் கட்டடங்கள் சுமார் 8,000 இருந்தன. "பலப்படுத்து, அல்லது இடி" என்று உத்தரவு போட்டது.

பலப்படுத்துவது என்றால் என்ன? செங்கல் சுவர் தன் பாரத்தைத் தாங்கும். மேலே இருந்து அமுக்கினால் அசையாது. பக்கவாட்டில் உலுக்கினால்தான் அதற்கு ஆகாது. சுவர் ஒரு பக்கம் போகும், கூரை ஒரு பக்கம் போகும். சுவரையும் தளத்தையும் இரும்பால் பிணைத்துவிட்டால் இரண்டும் சேர்ந்து ஆடும். விழுவது குறையும். இவ்வளவுதான் விஷயம். மந்திரம் ஒன்றும் இல்லை.

1986-ல் மாகாண சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. பூகம்ப அபாயம் மிகுந்த பகுதியில் உள்ள ஒவ்வொரு நகரமும் 1990-க்குள் தன் எல்லையில் உள்ள செங்கல் கட்டடங்களைக் கணக்கு எடுக்க வேண்டும். சொந்தக்காரருக்குத் தெரியப்படுத்த வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு திட்டம் எழுதி அனுப்ப வேண்டும்.

கணக்கு எடுத்தார்கள். சுமார் 26,000 கட்டடங்கள் தேறின!

இங்கேதான் வேடிக்கை. "திட்டம் எழுது" என்றது சட்டம். என்ன திட்டம் என்பதை ஊர் ஊருக்கு விட்டுவிட்டது. சில ஊர்கள் கட்டாயம் என்றன. சில ஊர்கள் "உங்கள் இஷ்டம்" என்றன. சில ஊர்கள் வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டன.

பலன் என்ன? 2006-ம் ஆண்டு கணக்கைப் பாருங்கள். மொத்தத்தில் 10-க்கு 7 கட்டடம் பலப்படுத்தப்பட்டது அல்லது இடிக்கப்பட்டது. அவற்றில் பெரும்பாலானவை "கட்டாயம்" என்று சொன்ன ஊர்களில் இருந்தவை. "இஷ்டம்" என்ற ஊர்களிலும், கடிதம் எழுதிய ஊர்களிலும் முன்வந்தவர்கள் கொஞ்சம் பேர்.

என்ன செய்வது? பல்வலி வந்த பிறகுதானே பல் வைத்தியர் நினைவு வருகிறது! பூகம்பம் பல்வலி மாதிரி முன்கூட்டி முணுமுணுப்பதும் இல்லை.

கடிகாரக் கட்டடம்

பட்டியல் இருந்தும் பயன் இல்லாமல் போனதற்கு ஒரு சோகக் கதை உண்டு.

கலிபோர்னியாவில் பாசோ ரோபிள்ஸ் என்று ஒரு சிற்றூர். அதன் நடுவில் 1892-ல் கட்டிய ஒரு கட்டடம். உச்சியில் கடிகாரக் கோபுரம். ஊரில் யாரைக் கேட்டாலும் அடையாளம் சொல்வார்கள். அதன் கீழே கடைகள்.

அது ஆபத்தான செங்கல் கட்டடம் என்பது நகரசபைக்குத் தெரியும். பட்டியலில் இருந்தது. பலப்படுத்தக் கெடுவும் கொடுத்திருந்தார்கள். கெடு முடிய இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

2003-ம் ஆண்டு டிசம்பர் 22-ந்தேதி. கிறிஸ்துமசுக்கு மூன்றே நாள். காலை 11-15 மணி. பூமி குலுங்கியது. அங்கே துணிக்கடையில் வேலை செய்த இரண்டு பெண்கள் வெளியே ஓடினார்கள். கூரை சரிந்து வீதியில் விழுந்தது. இருவரும் இடிபாட்டில் சிக்கி மாண்டார்கள். ஒருத்தி இளம் பெண்.

அந்தப் பூகம்பத்தில் மாண்டவர்கள் அந்த இருவர் மட்டும்தான். அதே ஊரில் முன்பே பலப்படுத்திய செங்கல் கட்டடங்கள் தாக்குப்பிடித்து நின்றன.

பட்டியல் சரியாக இருந்தது. கெடுதான் நீளமாக இருந்தது.

இதன் பிறகு 2004-ல் பலகைச் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். முதலில் சொன்னேனே, அபராதம் என்று, அது அப்போது வந்ததுதான்.

கால் ஆடும் நாற்காலி

செங்கல் கட்டடத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை.

கீழ்த்தளத்தில் கார் நிறுத்த இடம். சுவர் இல்லை, தூண்கள் மட்டும். மேலே இரண்டு மூன்று தளம் குடித்தனம். இப்படி ஆயிரக்கணக்கான வீடுகளை லாஸ் ஏஞ்சல்சில் கட்டினார்கள். மரச் சட்டத்தால் கட்டியவை. பார்க்க அழகு. காருக்கும் வசதி.

உங்கள் வீட்டில் கால் ஆடும் நாற்காலி ஒன்று இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்பகுதி உறுதியாகவே இருக்கும். ஆணி கழன்றிருக்காது. கால்கள் மட்டும் ஆடும். கனமான ஆள் உட்கார்ந்து கொஞ்சம் அசைந்தால் நான்கு காலும் ஒரே பக்கம் மடங்கும். இந்த வீடுகளும் அப்படித்தான். மேல்மாடி முழுசாக இருக்கும். கீழ்மாடி இல்லாமல் போய்விடும்!

1994-ம் ஆண்டு ஜனவரி 17-ந்தேதி அதிகாலை 4-31 மணி. ஊர் உறங்கியது. நார்த்ரிட்ஜ் பகுதியில் பூகம்பம். அங்கே மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்று கீழ்த்தளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது. கீழ்த்தளத்தில் உறங்கிய 16 பேர் பலி. மேல்மாடியில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தால், ஜன்னலுக்கு வெளியே தரை ஒரு மாடி பக்கத்தில் வந்திருந்தது.

இதைச் சரிசெய்வதும் நாற்காலி வைத்தியம்தான். ஆடும் காலுக்குத் தச்சர் குறுக்குச் சட்டம் அடிப்பார். அதுபோலத் தூண்களுக்கு நடுவே இரும்புச் சட்டம் நிறுத்தலாம். உறுதியான சுவர் எழுப்பலாம். குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்லாமலே பெரும்பாலும் இந்த வேலையை முடிக்கலாம்.

வைத்தியம் தெரிந்தது. நோயாளி யார் என்று தெரிந்தது. பிறகு ஏன் தாமதம்? கட்டாயம் என்று சட்டம் வர இருந்தது. வீட்டுக்காரர்கள் சங்கம் எதிர்த்தது. "இஷ்டம் உள்ளவர் செய்யலாம்" என்று மாறியது. 21 ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஆமதாபாத்தில் நடந்தது

"அமெரிக்காக்காரன் மரத்தில் கட்டினான், விழுந்தது, நமக்கு என்ன?" என்று நினைக்க வேண்டாம். இதே கோளாறு கான்கிரீட்டிலும் உண்டு.

2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந்தேதி, குடியரசு தினத்தன்று காலையில் குஜராத்தில் பூகம்பம் வந்தது நினைவு இருக்கும். நடுங்கிய இடம் கட்ச் பகுதி. அங்கிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருப்பது ஆமதாபாத். அங்கே மண் குடிசைகளை விடப் புதிய அடுக்குமாடி வீடுகள் செய்தியில் அடிபட்டன. கீழே தூண், மேலே குடித்தனம் என்று கட்டியவை பல மடிந்து விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

மறு ஆண்டு, 2002-ல், இந்தியாவின் பூகம்பக் கட்டட விதிகளைத் திருத்தினார்கள். கீழ்த்தளம் பலவீனமாக இருக்கக்கூடாது என்று விதி வந்தது. பூகம்ப வரைபடத்தையும் மாற்றினார்கள். அதுவரை 2-ம் மண்டலத்தில் இருந்த சென்னை 3-ம் மண்டலத்துக்கு ஏறியது.

சென்னையில் தெருவுக்குத் தெரு இத்தகைய வீடுகள் இருக்கின்றன. கீழே காரும் ஸ்கூட்டரும் நிற்கும்; மேலே கோலம் போட்ட வாசல்கள். அவை எல்லாம் விழுந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்ல கம்பி, நல்ல கலவை, சரியான கணக்கு இருந்தால் நிற்கும். எது நல்லது, எது மோசம் என்று வெளியே நின்று சொல்ல முடியாது. யாராவது போய்ப் பார்த்தால்தான் தெரியும். 2002-க்கு முந்திக் கட்டிய வீட்டை யார் போய்ப் பார்ப்பது? கேள்வி இங்கேயும் அதேதான்.

அலமாரியில் ஒரு பட்டியல்

மறுபடியும் லாஸ் ஏஞ்சல்ஸ் போவோம். அங்கே நடந்த ஒரு சம்பவம் பத்திரிகைக்காரர்களாகிய எங்களுக்குக் கொஞ்சம் பெருமை தருவது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல் ஒன்று, கார் தளம் ஒன்று. மூன்றாவது எதிரி பழைய கான்கிரீட். கான்கிரீட் என்றால் கல் மாதிரி என்று நினைக்கிறோம். தூணுக்குள் நிற்கும் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கொத்தனார்கள் "ரிங்" கட்டுவார்கள் அல்லவா? அந்த ரிங் தான் உயிர். விறகுச் சுமையை இரண்டே இடத்தில் கட்டித் தலையில் வைத்து அழுத்தினால் நடுவில் பிதுங்கிவிடும். நெருக்கி நெருக்கிக் கட்டினால் பிதுங்காது. அக்காலத்து இஞ்சினீயர்கள் ரிங் கம்பியை எட்ட எட்டக் கட்டினார்கள். தூண் ஆடும்போது கம்பி வெளியே வளையும், கான்கிரீட் உதிரும், மேல்தளம் கீழே வரும். 1971 பூகம்பம்தான் அவர்கள் கண்ணைத் திறந்தது. அதன் பிறகு விதியை மாற்றினார்கள்.

2011-ல் நியூசிலாந்தில் கிரைஸ்ட்சர்ச் நகரில் இப்படிப்பட்ட இரண்டு கான்கிரீட் கட்டடங்கள் விழுந்தன. அந்த இரண்டில் மட்டும் 133 பேர் மாண்டார்கள்.

லாஸ் ஏஞ்சல்சில் இத்தகைய பழைய கான்கிரீட் கட்டடங்கள் எத்தனை? கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கணக்கு எடுத்தார்கள். சுமார் 1,500 என்று விலாசத்தோடு பட்டியல் தயார் செய்தார்கள். ஆனால் வெளியிடவில்லை. பட்டியல் அலமாரிக்குள் இருந்தது. அந்தக் கட்டடங்களுக்குள் ஜனங்கள் இருந்தார்கள்.

2013-ம் ஆண்டு "லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்" பத்திரிகை இதை வெளிப்படுத்தியது. அதோடு நிற்கவில்லை. நிருபர்களே பழைய ஆவணங்களைப் புரட்டி 1,000-க்கு மேற்பட்ட கட்டடங்களைத் தேடிப் பிடித்தார்கள். பெரிய பூகம்பம் வந்தால் குறைந்த கணக்கில் பார்த்தாலும் அவற்றில் 50 விழும் என்று எழுதினார்கள். ஊரில் பேச்சு கிளம்பியது. நகரசபை பட்டியலைக் கேட்டது. 2014 ஜனவரியில் பட்டியல் வெளியே வந்தது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆராய்ச்சியாளர்கள் ஒவ்வொரு கட்டடத்துக்குள்ளும் போய்ச் சோதிக்கவில்லை. "பழைய கான்கிரீட்" என்றுதான் பட்டியல். "விழும்" என்று அல்ல. 1,500-ல் பெரும்பாலானவை நல்லவையாகவே இருக்கலாம். நல்ல கட்டடத்தின் சொந்தக்காரருக்கும் கெட்ட பெயர் வருகிறதே! விலை இறங்குமே! கடன் கிடைக்காதே!

உண்மைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். பெயர் வந்துவிட்டது என்று கோபப்படும் சொந்தக்காரர் என்ன செய்யலாம்? ஓர் இஞ்சினீயரைக் கூப்பிட்டுச் சோதித்து, "என் கட்டடம் நல்லது" என்று சான்று வாங்கலாம். பெயரை நீக்கச் சொல்லலாம். அவருக்கு வழி இருக்கிறது. உள்ளே வேலை செய்யும் டைப்பிஸ்ட் பெண்ணுக்கு, மாடியில் குடியிருக்கும் கிழவருக்கு, விஷயமே தெரியாவிட்டால் எந்த வழியும் இல்லை. நஷ்டம் இரண்டு பக்கமும் உண்டு. ஒரு பக்கம் பணம். ஒரு பக்கம் பிராணன்.

யார் பணம்?

சான்பிரான்சிஸ்கோ நகரம் 2013-ல் கார் தள வீடுகளுக்குக் கட்டாயச் சட்டம் கொண்டுவந்தது. சுமார் 5,000 வீடுகள். மேயர் கையெழுத்துப் போட்ட நாள் ஏப்ரல் 18. அந்த ஊரை அழித்த 1906-ம் ஆண்டு பூகம்பத்தின் ஆண்டு நாள்!

முதலில் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தார்கள். ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்ப வேண்டும். அதைக்கூடச் செய்யாத வீட்டுக்காரர் உண்டு அல்லவா? அவர்கள் வீட்டுச் சுவரில் நகரசபை ஆட்கள் வந்து பெரிய அட்டையை ஒட்டினார்கள். பூகம்ப எச்சரிக்கை, இந்தக் கட்டடம் சட்டத்தை மீறி இருக்கிறது. இங்கிலீஷ், ஸ்பானிஷ், சீன மொழி மூன்றிலும் எழுதினார்கள். குடியிருப்பவர் எந்த மொழி படிப்பாரோ, அந்த மொழியில்! அதிகாரிகளுக்கு இந்தப் புத்தி இருந்ததை நான் மெச்சுகிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் 2015-ல் பின்தொடர்ந்தது. கார் தள வீடுகள் சுமார் 13,500. உத்தரவு கிடைத்து 2 ஆண்டுக்குள் வரைபடம் கொடுக்க வேண்டும். 7 ஆண்டுக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

ஒரு வீட்டுக்கு 60,000 டாலரில் இருந்து 1,30,000 டாலர் வரை ஆகலாம் என்று மதிப்பிட்டார்கள். யார் கொடுப்பது? வீட்டுக்காரர் "குடியிருப்பவர் உயிர்தானே, அவர் கொடுக்கட்டும்" என்றார். குடித்தனக்காரர் "வீடு உங்களுடையதுதானே" என்றார். இரண்டிலும் நியாயம் உண்டு. கடைசியில் பாதிக்குப் பாதி என்று முடிவாயிற்று. வாடகையில் மாதம் 38 டாலருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் வேலை நடந்து முடிந்தது.

38 டாலர் ஏழைக்குச் சிறு தொகை அல்ல. ஆனாலும் தகராறைத் தீர்க்க ஓர் எண் கிடைத்தது. எண் கிடைக்காதவரை எல்லோரும் நல்லவர்களாகவே பேசுவார்கள்; வேலை மட்டும் நடக்காது.

போர்ட்லண்டில் கோபம்

பணத்தைப் பேசாமல் பலகையை மட்டும் மாட்டினால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் ஊர் சாட்சி.

கலிபோர்னியாவுக்கு வடக்கே ஆரெகான் மாகாணம். அங்கே போர்ட்லண்டு நகரம். கம்பி இல்லாத செங்கல் கட்டடங்கள் 1,600-க்கு மேல். பலப்படுத்தக் கட்டாயச் சட்டம் போடலாமா என்று யோசித்தார்கள். செலவை எண்ணிப் பார்த்து, மேலும் ஆராய வேண்டும் என்று ஒத்திப்போட்டார்கள். ஆனால் 2018 அக்டோபரில் பலகைச் சட்டம் மட்டும் வந்தது.

கறுப்பர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். ஏன் என்று கேட்டால் வயிறு எரியும். பல ஆண்டுகள் அவர்களை ஊரின் ஒரு மூலையில்தான் வீடு வாங்கவிட்டார்கள். பாங்கிகள் கடன் கொடுக்க மறுத்தன. சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பழைய கடைகள், பழைய மாதா கோவில்கள். இப்போது அதன் வாசலில் "ஆபத்து" என்று பலகை. கடன் கிடைக்காது, பலப்படுத்தப் பணம் இல்லை, விற்றுவிட்டுப் போ என்பதுதானே இதன் பொருள்? இது அவர்கள் கேள்வி. கட்டடச் சொந்தக்காரர்கள் சிலர் கோர்ட்டுக்கும் போனார்கள். 2019-ல் நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். அதே ஆண்டு நகரசபை சட்டத்தை வாபஸ் வாங்கியது.

கறுப்பர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. நோயாளியின் நெற்றியில் நோயின் பெயரை எழுதிவிட்டு, மருந்து கொடுக்காமல் போகும் வைத்தியரை யார்தான் விடுவார்கள்? ஆனால் கட்டடங்கள் அப்படியே இருந்தன. பலகையை நீக்கியதால் ஒரு செங்கல்கூடக் கெட்டிப்படவில்லை. சட்டத்தை வாபஸ் வாங்கிய அதே கூட்டத்தில், குறைந்த வட்டிக் கடனுக்கு ஒரு திட்டம் போட்டிருந்தால் அதைத்தான் நான் வெற்றி என்பேன்.

பெயரை எழுது, பக்கத்தில் கெடுவை எழுது, அதன் பக்கத்தில் பணம் எங்கிருந்து வரும் என்று எழுது. மூன்றில் ஒன்றை விட்டாலும் பாசோ ரோபிள்ஸ் நடக்கிறது, அல்லது போர்ட்லண்டு நடக்கிறது.

25 ஆண்டு

லாஸ் ஏஞ்சல்சின் பழைய கான்கிரீட் கட்டடங்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். 2015-ம் ஆண்டு சட்டத்தில் அவையும் சேர்ந்தன. 1977 ஜனவரி 13-ந்தேதிக்கு முந்தைய விதிப்படி கட்டிய கட்டடங்களைப் பரிசோதிக்க வேண்டும். பலவீனமானால் பலப்படுத்த வேண்டும். ஒரு கட்டடத்துக்குப் பல லட்சம் டாலர் ஆகக்கூடிய வேலை. அதனால் கெடு தாராளம். உத்தரவு கைக்கு வந்த நாளில் இருந்து 25 ஆண்டு!

உத்தரவு வந்த அன்று பிறந்த குழந்தை படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொள்ளலாம். அந்தக் கட்டடத்திலேயே வாடகைக்கு வீடும் பார்க்கலாம்.

இந்தக் கெடு மிக நீளம் என்பது என் அபிப்பிராயம். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பலர் கூடும் மண்டபம் இவற்றுக்காவது 10 ஆண்டாகச் சுருக்கி, சர்க்கார் கடன் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு 25 ஆண்டுதான் என்று வைத்துக்கொண்டாலும், உத்தரவுத் தாள் வீட்டுக்காரர் கைக்குப் போகும் அதே நாளில் அதன் நகல் ஒன்று ஒவ்வொரு குடித்தனக்காரர் கதவுக்கும் போகவேண்டும். சான்பிரான்சிஸ்கோவில் செய்தது போல, அவர் படிக்கும் மொழியில். புதிதாகக் குடிவருகிறவர் முன்பணம் கொடுக்கும் முன்னே அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.